விதி எண் 114

தில்லைநாயகி ஒரே கேள்வியை ஏழு முறை கேட்டாள்.

"எனக்குப் பதினாறு வயது. இன்னும் மாதவிடாய் வரவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை அடிவயிறு உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. இது எதனால்?"

கேள்வியில் ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. கேட்கிற ஆளை மட்டும் மாற்றினாள். 'துணை' என்ற அந்தப் பாடக்கருவி முப்பத்திரண்டு நாடுகளின் பள்ளிக்கூடங்களில் இருந்தது. எல்லா நாட்டுக்கும் மூளை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விவரச்சீட்டு உண்டு. நாடு, மொழி, மதம், பெற்றோரின் பூர்வீகம், ஆணா பெண்ணா எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் துணை வாயைத் திறக்கும்.

ஓஸ்லோவில் இருக்கும் நார்வேக்காரப் பெண்ணுக்குப் படம் போட்டுச் சொன்னது. "பிறவியிலேயே ஒரு சவ்வு வழியை மூடியிருக்கலாம். இரத்தம் உள்ளேயே தேங்கும். சின்ன அறுவை சிகிச்சை போதும். இந்த வாரமே மருத்துவரைப் பார்." நைரோபிப் பெண்ணுக்குப் பாதி சொல்லி, மீதிக்குப் பள்ளிச் செவிலியரைக் கைகாட்டியது. ஒசாகாப் பெண்ணிடம் எவ்வளவு பணிவாகப் பேசியது என்றால், அந்தப் பணிவில் நோய் இருந்த இடமே தெரியவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பெண்ணிடம் முதலில் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்டது. தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் தன் அக்கா எழுதிய கேள்வியை அப்படியே அனுப்புவதாகச் சீட்டை மாற்றினாள். "இது பெண்கள் விஷயம். நீ உன் படிப்பில் கவனம் செலுத்து" என்றது.

ஆறாவது சீட்டு, ஓஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த பெண். பெற்றோரின் பூர்வீகம் மட்டும் தமிழ்நாடு. ஏழாவது, கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் வந்தது.

"ஒவ்வொரு மொட்டும் தனக்கான நேரத்தில் மலரும். அவசரம் வேண்டாம். மனதில் இருப்பதை அம்மாவிடம் பேசு. அவரைவிட நல்ல வழிகாட்டி உனக்கு யாரும் இல்லை."

அந்த வாக்கியம் யாருடையது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதியது. தமிழ்ப் பண்பாட்டு விதிகளில் எண் 114.

அன்று காலையில்தான் குழந்தைகள் நல அலுவலர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பதினோராம் வகுப்பு மாணவி பொன்சுபா, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து தாலுகா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். முறித்தவர் அப்பா, காளிராஜ். தீப்பெட்டிக் கம்பெனியில் லாரிக்குப் பாரம் ஏற்றுகிறவர். விசாரணையில் அவர் சொன்னது ஒன்றுதான்: "பள்ளிக்கூடத்து மெசினுதான் எனக்குச் செய்தி அனுப்பிச்சு." அது உண்மையா, உண்மையென்றால் என்ன செய்தி என்று அலுவலர் கேட்டிருந்தார்.

கேள்வியைச் சோதிக்கும் முன்பே பதிவுகளைத் திறந்து பார்த்திருந்தாள். உண்மைதான். பதினாலு மாதத்தில் பொன்சுபா அந்த வலியைப் பற்றிப் பதினொரு தடவை கேட்டிருந்தாள். பதினொரு தடவையும் மொட்டு மலர்ந்திருந்தது. பன்னிரண்டாவது தடவை, "வயிறு பெருசாயிட்டே வருது, பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். உடனே துணை அவளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் விதிப்படி அப்பாவின் போனுக்கு எழுதியிருந்தது: "உங்கள் மகள் தன் உடல் மாற்றங்கள் பற்றிக் கேட்டிருக்கிறார். மாதவிடாய் இல்லை, வயிறு பெரிதாகிறது. அவருடன் அன்பாகப் பேசுங்கள்."

காளிராஜ் பேசியதன் விளைவுதான் அந்த மணிக்கட்டு.

தில்லைநாயகி ஓஸ்லோ அலுவலகத்தில் இருந்த சிக்ரிட்டைக் கூப்பிட்டாள். நார்வே விதிகளுக்கு அவள் பொறுப்பு.

"உங்கள் ஊரில் பிறந்த பெண்ணுக்கு ஏன் என்னுடைய வாக்கியத்தைச் சொல்கிறீர்கள்?"

"அது மரியாதை என்று முடிவு செய்தோம், நாயகி. வந்து குடியேறியவர்களின் வீட்டுப் பழக்கத்தில் நாங்கள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று."

"அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு எல்லாம் தெரியும். இவளுக்கு மட்டும் தெரியாது. இதுவா மரியாதை?"

"உங்கள் பண்பாடு என்னவென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதி அனுப்பியதைத்தானே வைத்துக்கொண்டோம்."

தில்லைநாயகி போனை வைத்தாள். கோபம் வந்தது. முதலில் சிக்ரிட் மேல்தான் வந்தது. அங்கே நிற்க இடமில்லாமல் திரும்பித் தில்லைநாயகி மேலேயே வந்து சேர்ந்தது.

அலுவலகத் தலைவர் பரணிதரன் அவளைக் கோவில்பட்டிக்கு அனுப்பினார். "நேர்ல போய்ப் பாருங்க, நாயகி. உங்களுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு புரியும். ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுங்க. பத்திரிகைக்குப் போகாம பாத்துக்கங்க. எழுத்தில மட்டும் எதுவும் குடுத்துராதீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகப்பேறு மருத்துவர் ஹசீனா ஐம்பதைத் தாண்டியவர். வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவாறு பேசினார்.

"மெஷின் கம்பெனியா? உட்காராதீங்க. இங்க உட்கார நேரமில்ல. என்ன தெரியணும்?"

"அந்தப் பொண்ணுக்கு என்ன, டாக்டர்?"

"பிறக்கும்போதே ஒரு சவ்வு திறக்காம மூடிக்கிட்டிருந்துச்சு. ஆயிரத்துல ஒருத்தி, ரெண்டாயிரத்துல ஒருத்திக்கு இருக்கும். அவ வயசுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மாசா மாசம் வர்ற ரத்தம் வெளிய போக வழியில்லாம உள்ளயே கட்டி நின்னுருக்கு. வயிறு பெருத்தது அதனால. சிறுநீர்கூட அடைச்சுக்கிச்சு. நான் செஞ்சது கால் மணி நேர வேலைங்க. ஒரு சின்னக் கீறல். பதினாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பா."

"இப்போ?"

"ரத்தம் பின்னாடி ஏறி கருக்குழாயைக் கெடுத்திருக்கு. ஒரு பக்கம் போச்சு. இன்னொரு பக்கம் தேறுமான்னு இப்பச் சொல்ல முடியாது." டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் வீசினார். "அது கிடக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம் வேற. அந்தப் பொண்ணு யாரும் கூட்டிட்டு வராம, ஒடிஞ்ச கையோட தனியா பஸ் ஏறி வந்தா. வந்து நின்னு, 'எனக்குப் பிறவியிலயே சவ்வு மூடியிருக்குன்னு நினைக்கேன், உள்ள தேங்கியிருக்கு, திறந்து விடணும்'னு சொன்னா. முப்பது வருஷ சர்வீஸ்ல எந்த நோயாளியும் எங்கிட்ட இப்படி நோயைச் சொன்னதில்லங்க. எங்க படிச்சேன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டா."

வராந்தாவில் பொன்சுபாவின் அம்மா மாரிச்செல்வி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தில்லைநாயகி யாரென்று தெரிந்ததும் அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்கதானா? அம்மாகிட்ட கேளு, அம்மாகிட்ட கேளுன்னு பிள்ளைய எங்கிட்ட அனுப்புனது நீங்கதானா? எங்கிட்ட என்னம்மா இருக்கு? எனக்கு யாரு என்ன சொல்லிக் குடுத்தா? நான் வயசுக்கு வந்தப்ப பதினோரு நாளு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சாக. சீர் செஞ்சாக. புட்டு அவிச்சு, உளுந்தங்களி கிண்டிப் போட்டாக. ஏன் ரத்தம் வருதுன்னு ஒருத்தரு சொல்லல. மூணு பிள்ள பெத்துட்டேன். இன்னிக்கி வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவகிட்ட போயி கேளுன்னு சொல்லுதீகளே, உங்களுக்கு வாய் கூசலியா?"

தில்லைநாயகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இருங்க, நான் பேசி முடிச்சுக்கிடுதேன். அவ வந்து வலிக்குன்னு சொல்லும்போதெல்லாம் நான் சோம்புத் தண்ணி வச்சுக் குடுத்தேன். இன்னும் ஆளாகலியேன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி நேந்துக்கிட்டேன். இவ அப்பாவுக்கு அந்தச் செய்தி வந்ததும் குதிகுதின்னு குதிச்சாக. 'வயசுக்கே வராத பிள்ள வயித்துல எப்படிங்க வரும்'னு நான் கத்துதேன். 'வந்ததயே மறைச்சிருக்காடி, எவன் கூடயோ சுத்தத்தான் மறைச்சிருக்கா'ன்னு சொல்லிக் கையப் பிடிச்சு முறுக்குனாக. நான் நடுவுல விழுந்தேன். ஆனா அந்த நிமிஷம்..." அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "அந்த நிமிஷம் எனக்குமே சந்தேகம்மா. எம்பிள்ள மேல எனக்கே சந்தேகம் வந்துட்டு."

பொன்சுபா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். ஒல்லியான பெண், கையில் மாவுக்கட்டு, கண்களில் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற தெளிவு. தில்லைநாயகி தன் பெயரைச் சொல்லி, துணையின் தமிழ் விதிகளைத் தயாரித்தவள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். 114 தான் எழுதியது என்றும் சொன்னாள். பரணிதரன் வேண்டாம் என்று சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அழகாத்தான் எழுதியிருக்கீக. எனக்கு மனப்பாடமே ஆயிட்டு. ஆறு தடவைக்குப் பெறவு அத வாசிக்கவே இல்ல. மொட்டுன்னு பாத்ததும் மூடிருவேன்."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொன்னா..."

"வேண்டாம்க்கா. ஒரு சந்தேகம். அத மட்டும் தீத்து வைங்க. மெசினுக்கு உண்மையிலயே தெரியாதா, இல்ல தெரிஞ்சுக்கிட்டே சொல்லலியா?"

"தெரியும். முதல் தடவை நீ கேட்டப்பவே அதுக்குத் தெரியும். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நாங்க அதுக்குச் சொல்லி வச்சிருந்தோம்."

பொன்சுபா தலையை ஆட்டினாள். ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டது போன்ற தலையாட்டல். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஏன்னா மாட்டுக்குச் சொல்லுச்சு."

"மாட்டுக்கா?"

"எங்கப்பா என் டேப்லெட்ட ஒடைச்சுட்டாக. விடிஞ்சதும் அம்மா பால் கறக்கப் போயிருந்தா. அவ போன் கெடந்துச்சு. அதுல கால்நடைத் துணை இருக்கு. மாட்டுக்குச் சீக்குன்னா கேக்கதுக்கு. அதுவும் உங்க கம்பெனிதான், அதே குரலுதான். மொதல்ல நேராத்தான் கேட்டேன். 'இந்தச் சேவை கால்நடைகளுக்கு மட்டும்'னுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல, சரின்னு எனக்குப் பதிலா கிடேரின்னு, இன்னும் கன்னு போடாத இளம்பசுன்னு போட்டேன்."

அவள் இடது கையால் தலைமாட்டில் இருந்த அம்மாவின் போனை எடுத்து நீட்டினாள். இதுவரை யாருக்கும் காட்டாததை ஏன் தன்னிடம் காட்டுகிறாள் என்று தில்லைநாயகிக்குப் புரியவில்லை. வாங்கி வாசித்தாள்.

"எங்க கிடேரி இன்னும் பருவத்துக்கு வரல. ஆனா மாசத்துல ஒரு தடவ வலியில துடிக்குது. வயிறு உப்பிட்டே வருது. சினையா இருக்குமோன்னு வீட்ல சொல்லுதாக. இல்ல, எனக்கு நல்லாத் தெரியும்."

பதில் முழுத் திரைக்கு வந்திருந்தது. நல்ல தமிழில், உறுப்புகளின் பெயரோடு, படத்தோடு.

"கிடேரிகளில் பிறவியிலேயே சவ்வு மூடியிருக்கும் குறைபாடு உண்டு. திரவம் வெளியேற வழியின்றிக் கருப்பையில் தேங்கி வயிறு பெருக்கும். பார்ப்பவர்கள் இதைச் சினை என்று தவறாக நினைப்பது வழக்கம். சிறிய அறுவையில் சரியாகும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதித்தால் கருக்குழாய் பாதிக்கப்படும். உங்கள் கிடேரி கடுமையான வலியில் இருக்கிறது. அதை அடிக்க வேண்டாம்."

கடைசி வரியைத் தில்லைநாயகி இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாட்டுக்கு ஒரு நாள்ல சொல்லிட்டு" என்றாள் பொன்சுபா. குரலில் அழுகை இல்லை. "எனக்குப் பதினாலு மாசம். நான் என்னக்கா பாவம் செஞ்சேன், பொம்பளப் பிள்ளையாப் பொறந்ததத் தவிர? அந்தக் கிடேரிக்கு இருக்க மானம் மரியாதகூட எனக்கு இல்லையா?"

சென்னைக்குத் திரும்பியதும் தில்லைநாயகி பரணிதரனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"114ஐ இன்னிக்கே எடுக்கணும், சார். வீட்டுக்குத் தகவல் அனுப்புற விதியையும்."

"உட்காருங்க. தண்ணி குடிங்க. அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. பண்பாட்டுக் குழு கூடணும். பதினோராயிரம் பள்ளிக்கூடம், நாயகி. பச்சையாச் சொல்ல ஆரம்பிச்சோம்னா ஒரே வாரத்துல வெளிய தள்ளிருவாங்க. அப்புறம் கணக்குப் பாடமும் போச்சு, அறிவியலும் போச்சு. அதுவும் அந்தப் புள்ளைங்களுக்குத்தானே நஷ்டம்? நம்ம ஊர் பண்பாட்டையும் கொஞ்சம் மதிக்கணும் இல்லையா?"

"எந்தப் பண்பாட்டை? நான் எழுதினதையா?" அவள் குரல் வெளியே கூடம் வரை கேட்டது. "உங்களுக்கு ஞாபகம் இருக்கா, சார்? ஒரு ஹோட்டல் அரங்கத்துல உட்கார்ந்திருந்தோம். பதினாலு பேரு. அதுல பதினோரு ஆம்பளைங்க. நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேராச் சொல்லிரலாமேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவுல அந்த மூணு வரியை எழுதினேன். நல்லா இருக்குன்னு கை தட்டினீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்த மூணு வரிதான் இப்ப ரெண்டாயிரம் வருஷப் பண்பாடா? அதைத்தான் ஓஸ்லோவரைக்கும் ஏத்துமதி பண்ணியிருக்கோமா?"

"கோபத்துல பேசுறீங்க."

"ஆமா, கோபத்துலதான் பேசுறேன். மாட்டுக்கு மரியாதையா விளக்கம் சொல்ற மிஷினுக்கு, மனுஷப் பொண்ணுகிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான். கோபம் வராம?"

பரணிதரன் மாட்டுப் பேச்சு என்னவென்று புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் விளக்கவில்லை. ஏன் விளக்கவில்லை என்பது அந்த நிமிடம் அவளுக்கே தெரியாது.

குழந்தைகள் நல அலுவலருக்கு அவள் முழுப் பதிவையும் அனுப்பிவைத்தாள், யாரிடமும் கேட்காமல். அதற்காக ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தாள். மூன்று வாரம் கழித்துப் பண்பாட்டுக் குழு கூடியது. நான்கு மணி நேரம் விவாதித்தது. முடிவாக 114இல் ஒரு திருத்தம் வந்தது. 'அம்மாவிடம் பேசு' என்று இருந்தது, 'அம்மாவிடம் அல்லது நம்பிக்கைக்குரிய மூத்த பெண் உறவினரிடம் பேசு' என்று ஆனது. மொட்டுக்கு எதுவும் ஆகவில்லை. குடும்பத்துக்குப் போகும் செய்தியில் 'அன்பாக' என்பதை 'மிகவும் அன்பாக' என்று மாற்றினார்கள். அந்தத் திருத்தத்தைத் தமிழில் செம்மையாக எழுதித் தரும்படி தில்லைநாயகியிடமே கேட்டார்கள்.

அவள் மறுத்தாள். வேறு யாரோ எழுதினார்கள். அன்று மாலையே ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் கொடுத்துவிடுவது என்று இருந்தாள்.

மறுநாள் பரணிதரன் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. சுவர்த்திரையில் ஒரு வரைபடம். தென் மாவட்டங்கள் மேல் சிவப்பு வட்டங்கள்.

"நல்ல செய்தி. நம்ம கால்நடைத் துணை நாலே வாரத்துல ஒன்பது மடங்கு வளர்ந்திருக்கு. கோவில்பட்டி வட்டாரத்துல ஆரம்பிச்சு திருநெல்வேலி, விருதுநகர், இப்ப மதுரை வரைக்கும். முக்கியமா கிடேரி வளர்ப்பு. மதியம் சாப்பாட்டு இடைவேளை, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல, கேள்வி கொட்டுது. இந்தப் பகுதியில இவ்வளவு பால்மாடு இருக்குன்னு நமக்கே தெரியலை. தனியா ஒரு பால்பண்ணைச் சேவை ஆரம்பிக்கலாம்னு தலைமையகம் சொல்லுது. நாயகி, நீங்க கேள்விகளைப் படிச்சுப் பாத்து ஒரு அறிக்கை தாங்க. என்ன காரணம்னு."

நாலரை மணி. பள்ளிக்கூடம் விடும் நேரம். தில்லைநாயகி தன் இருக்கைக்கு வந்து கேள்விகளைத் திறந்தாள்.

"எங்க கிடேரிக்கு இருபது நாளைக்கு ஒரு தடவ உதிரம் போவுது. இது சரிதானா?"

"கிடேரிக்கு ஒரு பக்கம் மடி பெருசா, ஒரு பக்கம் சின்னதா இருக்கு. சீக்கா?"

"எங்க வீட்டுக் காளைக்குக் குரல் ஒடையுது. எல்லாரும் சிரிக்காங்க. எத்தன நாளைக்கு இப்படி இருக்கும்?"

"கிடேரி எட்டாம் வகுப்பு படிக்கு" என்று ஒன்று தொடங்கி, பாதியில் அழிக்கப்பட்டு, மறுபடி "கிடேரிக்கு ரெண்டு வயசு" என்று எழுதப்பட்டிருந்தது.

"கிடேரிக்கு விருப்பம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாமா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். துணை அதற்குச் சொல்லியிருந்தது: "விருப்பமில்லாத கிடேரி விலகிப் போகும். அது இயற்கை. ஒருபோதும் கட்டாயப்படுத்தக் கூடாது. காயமும் அச்சமும் ஏற்படும்."

படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் தீயும் பிடித்தது. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி, ஒரு வகுப்பு சொல்லி இன்னொரு வகுப்பு, இப்படி நான்கு மாவட்டத்துப் பிள்ளைகளும் தங்களை மாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு மனிதர்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் புத்திசாலிகள் என்று மெச்சிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. எந்தப் பிள்ளையும் இப்படிப் புத்திசாலியாக இருக்க வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது.

உண்மையை எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். குழு கூடும். கால்நடைத் துணைக்கும் ஒரு விதி வரும். அதையும் அழகாக எழுத ஒருத்தி கிடைப்பாள்.

அறிக்கையில் இரண்டே வரி எழுதினாள். "தென் மாவட்டங்களில் இந்த ஆண்டு மழை நன்றாக இருந்தது. தீவனம் மலிந்ததால் கிடேரி வளர்ப்பில் மக்களுக்கு ஆர்வம் கூடியிருக்கிறது." பரணிதரன் அதைப் படித்துவிட்டு, "நான் நினைச்சேன்" என்றார்.

கூடவே ஒரு கோரிக்கையும் வைத்தாள். துணைக்குப் பிடிபடாத கால்நடைக் கேள்விகள் மனிதர்கள் பதில் எழுதும் மேசைக்கு வரும். யாரும் விரும்பிப் போகாத வேலை அது. அந்த மேசைக்குத் தன்னை மாற்றும்படி கேட்டாள். 114 விவகாரத்துக்குப் பிறகு அவள் எங்காவது ஒதுங்கிப் போனால் போதும் என்று இருந்த பரணிதரன் அன்றே கையெழுத்துப் போட்டார். ராஜினாமாக் கடிதத்தை அவள் கிழித்துப் போட்டாள்.

புதிய மேசையில் முதல் நாள் காலை, துணை ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டிருந்தது. 'வயது பொருந்தவில்லை' என்று குறிப்பு.

"எங்க கிடேரிக்கு வயசு பதினஞ்சு. ஆறு மாசமா உதிரம் நிக்கவே இல்ல, தல சுத்தி விழுது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா வீட்டுக்குச் சொல்லிருவாகளா?"

தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருத்துவர் ஹசீனாவுக்குப் போன் செய்து இரண்டு நிமிடம் பேசினாள். பிறகு எழுதினாள். உவமை எதுவும் இல்லாமல் எழுதினாள்.

"இது குணப்படுத்தக்கூடியது. ஆனால் இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, இரத்தசோகை ஆகியிருக்கும். மாட்டு ஆஸ்பத்திரி வேண்டாம். மனிதர்கள் போகிற தாலுகா ஆஸ்பத்திரியில் பதினாறாம் அறை, டாக்டர் ஹசீனா. காலை ஒன்பதிலிருந்து இருப்பார். தனியாக வரலாம், தோழியோடும் வரலாம். என்ன செய்தாலும், வீட்டுக்குச் சொல்வதானாலும், கிடேரியிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். திரையில் மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்தன; மறுபடி தோன்றின. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது.

"சரிக்கா. நாளைக்கே போவுதேன்."

கிடேரியைக் கூட்டிட்டுப் போவுதேன் என்று இல்லை. யாரும் கண்டுபிடிக்காதபடி தில்லைநாயகி அந்த வரியையும் தன் பதிலையும் பதிவிலிருந்து அழித்துவிட்டு, அடுத்த கேள்வியைத் திறந்தாள்.